நாய் சேர்த்தி இல்லை

ஜனவரி 10, செவ்வாய்

காலை ஷிப்டு. இன்று ஒன்பது தடவை ‘கிளம்பட்டும்’ சொன்னேன். இரண்டு தடவை ‘நிற்கட்டும்’.

இதுதான் என் வேலை. தாமதமாக வரும் வண்டியிலிருந்து கண்டக்டர் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்வார்: கிளை வண்டிக்கு மாறுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள், கொஞ்சம் பிடித்து வையுங்கள் என்று. ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஐந்து நிமிடம் வரை நிற்கும். ஆறுக்குக் குறைந்தால் ஒரு நிமிடம்கூட நிற்காது. மேலே மலைக்குப் போவது ஒற்றைத் தண்டவாளம். போகிற வண்டி தாமதித்தால் வருகிற வண்டி நடுவழியில் கிடக்கும், அது கிடந்தால் அதன் இணைப்பு போகும், கடைசியில் சாயங்காலம் வரை எதுவும் நேராகாது. ஆறு வருடத்துக்கு முன்னால் இதையெல்லாம் கணக்குப் போட்டு நான்தான் அந்தத் தாளை எழுதினேன். சுவரில் ஒட்டியிருக்கிறது. அடியில் என் கையெழுத்து: வீப்கே ப்ரூன்ஸ்.

பக்கத்து நாற்காலி ஹென்னிங்குக்கு இன்று பிறந்தநாள். ஆப்பிள் கேக் சுட்டுக் கொண்டுவந்திருந்தான். நடுவில் வேகவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் வேகவில்லை என்றேன்.

“சனிக்கிழமை பிள்ளையைப் பாக்கப் போறியா?” என்று கேட்டான்.

“ஆமா. 7:31.”

“வெள்ளிக்கிழமை சாயங்காலமே போயிடேன் வீப்கே. வால்ரோடால லாட்ஜ் இருக்குல்ல.”

“எதுக்கு? 9:42க்குப் போய்ச் சேரும்னு போட்டிருக்கு. நாமதானே போட்டோம்?”

“நாமதான் போட்டோம்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.”

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அட்டவணையைச் செய்கிறவளே அதை நம்பாமல் முந்தின நாள் போய் லாட்ஜில் படுத்தால், டிக்கெட் வாங்குகிறவன் எதை நம்புவான்?

ஜனவரி 14, சனி

போயிற்று.

7:31 ஒழுங்காகக் கிளம்பியது. ஆர்ன்பெக்கில் ஆறு நிமிடத்தில் மாறி, கிளை வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிறகு பள்ளத்தாக்கில் வளைவு தாண்டியதும் நின்றது. தண்டவாளத்தில் மரம். போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் எந்த போனும் வேலை செய்யாது. பதினோரு வருடமாகப் புகார் எழுதுகிறார்கள், பதினோரு வருடமாக ‘பரிசீலனையில் உள்ளது’.

ஒரு மணி நாற்பது நிமிடம்.

பிள்ளையைப் பார்ப்பதற்குப் போட்ட ஒப்பந்தத்தின் நாலாவது பத்தி எனக்கு மனப்பாடம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு வால்ரோடா நிலையத்தில் தாய் குழந்தையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். தந்தை தரப்பில் பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். அதற்குள் வராவிட்டால் அந்த நாள் கழிந்ததாகக் கொள்ளப்படும். பிள்ளையின் அப்பா யோகனின் வக்கீல் பத்து நிமிடம் என்றுதான் எழுதியிருந்தார். நான் பேரம் பேசிப் பதினைந்தாக்கினேன். அன்றைக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு.

கண்டக்டர் சிபுல்கா என்ற அம்மாள். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்குமாம். போனில் பதினோரு வருடமாகத் தெரிந்த குரல். முகத்தை இன்றுதான் பார்த்தேன். நான் பேசியதும் அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“நீங்கதானா அந்தக் ‘கிளம்பட்டும்’?”

“என்னது?”

“உங்களுக்கு நாங்க வச்ச பேரும்மா. ‘இன்னைக்கு டூட்டில யாரு? கிளம்பட்டும்தான்.’ அப்படி. தப்பா எடுத்துக்காதீங்க.” ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். “ஆமா, வால்ரோடாவுல யாரு?”

மகள் என்றேன். ஒன்பது வயது. பத்தே காலுக்குப் போய்விடுவாள் என்றேன். சிபுல்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

மரத்தை அறுத்து, வண்டி நகர்ந்து, சுரங்கம் தாண்டியதும் போன் உயிர் பெற்றது. யோகன் போனிலிருந்து நான்கு செய்திகள்.

9:50 – அம்மா நான் மெரெட். எந்தப் பெட்டில இருக்க?

10:02 – முன் பெட்டியா பின் பெட்டியா?

10:15 – நாங்கள் கிளம்புகிறோம். யோகன்.

10:16 – குளிர் மைனஸ் நான்கு. குழந்தையை இதற்குமேல் நிறுத்த முடியாது. புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன்.

புரிந்துகொள்கிறேன். எல்லாவற்றையும் புரிந்துகொள்வதற்கு என்று ஒருத்தி இருக்கிறாளே.

ஜனவரி 15, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் போன் பேசலாம். அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

“என்ன மரம்?” என்று கேட்டாள் மெரெட்.

“ஸ்ப்ரூஸ். காய்ஞ்சு போனது.”

“அதை முன்னாடியே வெட்டியிருக்கலாம்ல?”

என் பெண்தான், சந்தேகமில்லை.

ஜனவரி 19, வியாழன்

நீதிமன்றத்திலிருந்து கடிதம். யோகன் மனு போட்டிருக்கிறான்: இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பதை மாதத்துக்கு ஒரு முறையாகக் குறைக்க வேண்டும். கடந்த பத்துத் தேதிகளில் நான்கு நடக்கவில்லை. ‘தொடர்ந்த நிச்சயமின்மை குழந்தையைப் பாதிக்கிறது.’ விசாரணை மார்ச் 16.

நாலு. ஒன்று சிக்னல் கோளாறு. ஒன்று ஓட்டுநர் வரவில்லை. ஒன்று வெள்ளம். ஒன்று மரம். இதில் நான் எங்கே இருக்கிறேன்? ஒரு தடவையாவது நான் தூங்கிப் போனேனா, குடித்துவிட்டு விழுந்து கிடந்தேனா? எல்லாத் தடவையும் 7:31ல் ஏறி உட்கார்ந்தவள்தானே நான்?

ஏற்கெனவே ஷிப்டு வேலை பார்க்கிறவளிடம் குழந்தை சீராக வளராது என்று சொல்லித்தான் அவனிடம் விட்டார்கள். நேரத்துக்கு வருகிற தகப்பன். பள்ளிக்கூட வாத்தியார், மணி அடித்தால் வீடு. இப்போது மிச்சத்திலும் பாதியா?

வக்கீலம்மாவைக் கூப்பிட்டேன். “விசாரணைக்கு முன்னால இன்னும் நாலு சனிக்கிழமை இருக்கு. நாலுக்கும் போய்ச் சேர்ந்துட்டீங்கன்னா நான் பேசிக்கிறேன். ஒண்ணு தவறினாக்கூடச் சமாளிக்கலாம். ரெண்டுன்னா கஷ்டம். காரை எடுத்துட்டுப் போங்களேன்.”

எனக்கு லைசென்ஸே கிடையாது. ரயில்வேக்காரிக்குக் கார் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஜனவரி 28, சனி

9:42க்கு 9:42.

அவள் வண்டி நிற்பதற்கு முன்பே இரண்டாவது கதவுக்கு நேரே நின்றிருந்தாள். எப்படித் தெரியும் என்றால், “போன தடவை நீ அதுல தானே இறங்கின” என்கிறாள். மேல் பல் ஒன்று விழுந்திருக்கிறது. யோகன் தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நீச்சல் குளத்துக்குப் போனோம். உருளைக்கிழங்கு வறுவல், அதன்மேல் அவளுக்கு மயோனைஸ், எனக்குக் கெச்சப். குளத்து வாசலில் முடி காயக் காய உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்:

“அம்மா, லேட்டா வர்றவங்களுக்காக வண்டி ஏன் நிக்கக் கூடாது?”

சொன்னேன். காகிதக் கைக்குட்டையில் கோடு போட்டு, ஒற்றைத் தண்டவாளம், எதிர் வண்டி, எல்லாம் வரைந்து காட்டினேன். நான்கு பேருக்காக நின்றால் கீழே அறுபது பேர் நிற்க வேண்டும். வண்டி வருமா வராதா என்று தெரியாமல் நிற்கிறதுதான் ஜனங்களுக்கு ரொம்பக் கஷ்டம். லேட் என்று தெரிந்தால்கூட மனம் ஆறிவிடும். “நம்ப முடியாத ரெண்டு வண்டியைவிட நம்பக்கூடிய ஒரு வண்டி மேல்” என்றேன். தாளின் முதல் வரி அது. நான் எழுதியது.

திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு ஆசையாக யாரும் கேட்டதில்லை. வரும் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. பள்ளத்தாக்கில் போன் செத்ததுகூட உறைக்கவில்லை.

பிப்ரவரி 8, புதன்

வரும் சனிக்கிழமை கிளைப் பாதையில் வேலை. ரயிலுக்குப் பதில் பஸ். அறிவிப்பு இன்று வந்தது. அதை எல்லா நிலையங்களுக்கும் அனுப்பி வைத்ததே நான்தான். ‘பயண நேரம் பதினெட்டு நிமிடம் கூடுதலாகலாம்.’ 9:42 கூட்டல் பதினெட்டு – பத்து மணி. பத்தே கால் வரை இருக்கிறது. போதும்.

ஹென்னிங் அறிவிப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

பிப்ரவரி 11, சனி

பஸ் ஓட்டுநர் எங்கோ வடக்கேயிருந்து வந்தவர். இந்த மலையை முன்பின் பார்த்ததில்லை. போனில் வழி பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார் – அந்தப் பள்ளத்தாக்கில்! கோடு போனதும் வழியும் போயிற்று. மரம் ஏற்றும் லாரிகள் போகிற பாதையில் திருப்பிவிட்டார். நான் எழுந்து முன்னால் போய், “இடது பக்கம் திரும்பியிருக்கணும்” என்றேன்.

“உக்காருங்கம்மா. ஓட்டுறப்போ பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு.”

போட்டுத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். ஆமாம், உட்கார்ந்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள்.

10:21.

நிலையத்தில் ஒரு ஈ காக்கா இல்லை. பனியில் சின்ன பூட்ஸ் தடம் மட்டும் நடைமேடை நெடுக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பியிருந்தது. ரயிலே வராத நடைமேடையில் எதற்காக நடந்தாள் என்று புரியவில்லை. பஸ் வெளியே சாலையில்தான் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போல.

ஆறு நிமிடம் யோகன். ஆறே ஆறு நிமிடம். எதிர் வண்டி ஏதாவது காத்துக் கிடந்ததா உனக்கு?

பிப்ரவரி 12, ஞாயிறு

பேசினோம். பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னாள். நேற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 22, புதன்

வக்கீலம்மா: “ஒண்ணு போச்சு. இனிமே போகக் கூடாது.”

ஹென்னிங்: “வெள்ளிக்கிழமை ஷிப்டை நான் பாத்துக்கறேன். நீ நாலு மணிக்கே கிளம்பிடு.”

வேண்டாம் என்றேன். அந்த 7:31க்கு ஏதாவது ஆனால் அது ரயிலின் குற்றம். முந்தின நாளே போனால் குற்றம் என்னுடையது என்று ஒத்துக்கொண்டதாகும். அப்படித்தான் அன்று தோன்றியது. இல்லை, ‘அன்று’ இல்லை, இன்றுதான். இப்படி எழுதி வைத்தால்தான் பிறகு நான் என்னிடமே பொய் சொல்ல முடியாது.

பிப்ரவரி 25, சனி

தேதி போடவே கை கூசுகிறது.

7:31 சரியாகக் கிளம்பியது. நடுவில் ஒரு சிக்னலில் நின்றது. சரக்கு வண்டியை முன்னால் விட்டார்கள். ஏழு நிமிடம் தாமதம். ஆர்ன்பெக்கில் மாறுவதற்கு இருப்பது ஆறு நிமிடம். நடைமேடை மாறி ஓட ஒன்றரை நிமிடம். கிளை வண்டி மூன்று நிமிடம் நின்றால் போதும், எல்லாம் சரி.

இன்று இந்த வண்டியில் டூட்டி சிபுல்காவுக்கு. பெட்டி பெட்டியாக வந்தாள்.

“வால்ரோடா பக்கம் மாறுறவங்க கையைத் தூக்குங்க. நல்லாத் தூக்குங்க, பள்ளிக்கூடத்துல மாதிரி.”

மருத்துவமனை டூட்டிக்குப் போகிற ஒரு நர்ஸ். மலையேறப் போகிற ஒரு ஜோடி, முதுகில் மூட்டையோடு. கோட்டு போட்ட ஒரு பெரியவர், காலடியில் பெரிய பழுப்பு நாய். நான்.

சிபுல்கா என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மரம் விழுந்த அன்றைக்குச் சொன்னதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. போனை எடுத்துக் கட்டுப்பாட்டு அறையைப் பிடித்தாள். இரைச்சலில் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டாள். டூட்டியில் ஹென்னிங்.

“வால்ரோடா வண்டியைப் பிடிச்சு வைங்க. என்கிட்ட ஆறு பேர்.”

“அஞ்சு” என்றேன் நான்.

இதை யோசித்துச் சொல்லவில்லை. ஆறு வருடமாக யாராவது தலைக்கணக்கில் ஒன்றைக் கூட்டிச் சொன்னால் நான் பிடித்துவிடுவேன். ‘சரியா எண்ணினீங்களா?’ என்று ஒரு தரம் கேட்டால் போதும், ஆறு ஐந்தாகிவிடும். வாயில் தானாக வந்தது.

சிபுல்கா கண்ணால் என்னை அடக்கப் பார்த்தாள். “ஆறும்மா. நாயோட ஆறு. நாய்க்கு டிக்கெட் இருக்கு.”

“ஆமா, குழந்தைக் கட்டணம்” என்றார் பெரியவர். “பூனையைவிடப் பெருசா இருந்தா எடுக்கணும். எடுத்திருக்கேன்.”

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

“டிக்கெட் வேற, ஆள் வேற. நாய் சேர்த்தி இல்லை.”

போனில் நாற்காலி கிறீச்சிட்டது.

“வீப்கே? நீயா அது?” ஹென்னிங்கின் குரல். பிறகு மெதுவாக, “அஞ்சுன்னு காதுல விழுந்துடுச்சே. பேச்செல்லாம் பதிவாகுது. இனிமே நான் ஆறுன்னு எழுத முடியாது.” கடைசியாக, “உன் தாள்தான் வீப்கே.”

“கிளம்பட்டும்” என்று அவன் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டான்.

ஆர்ன்பெக்கில் நாங்கள் படியிறங்கி ஓடி, மறுபடியும் படியேறியபோது கிளை வண்டியின் பின் விளக்கு தெரிந்தது. அது ரொம்பத் துல்லியமாகக் கிளம்பியிருந்தது. அடுத்தது இரண்டு மணி நேரம் கழித்து.

நர்ஸ் என்னைப் பார்க்காமல் போனில் தன் வார்டைக் கூப்பிட்டாள். மலையேறுகிற ஜோடி தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தது. பெரியவர்தான் நேரே வந்தார்.

“என் நாய் உங்களுக்கு என்னம்மா பண்ணுச்சு?”

ஒன்றும் பண்ணவில்லை என்றேன்.

சிபுல்கா விசில் ஊதுவதற்கு முன்னால் கதவிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்களுக்காகத்தான் எண்ணினேன்” என்றாள். “நான் ஒண்ணும் நாய்க்காக எண்ணலை.”

11:42க்கு வால்ரோடா. யாருமில்லை. அதே வண்டியில் திரும்பினேன்.

பிப்ரவரி 26, ஞாயிறு

ஆறு மணி. முதல் மணியிலேயே எடுத்தாள்.

“வண்டி நிக்கலையா?”

“நிக்கலை கண்ணு.”

“எத்தனை பேர் இருந்தீங்க?”

“அஞ்சு.”

“ஒண்ணுதானே குறைஞ்சுது.”

பொய் சொல்லியிருக்கலாம். ஐந்தோடு நிறுத்தியிருந்தாலே போதும். ஆனால் எல்லாவற்றையும் சொன்னேன். நாய், டிக்கெட், ஹென்னிங், நான் சொன்னது, எல்லாம்.

சிக்னல் கோடு போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். கோடு முழுசாக இருந்தது.

“எண்ணியிருக்கலாம்லம்மா” என்றாள்.

“நாயை எண்ணக் கூடாதுன்னு—”

“தெரியும். ஆனா எண்ணியிருக்கலாம்ல.”

யோகனின் குரல், நேரமாகிவிட்டது என்று. பத்து நிமிடம் அதற்குள் ஆகியிருக்காது என்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஆகியிருந்தது.

மார்ச் 3, வெள்ளி

சுவரில் இருக்கும் தாளில் என் கையெழுத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்: நாய் சேர்த்தி இல்லை.

அழிக்கவில்லை. தப்பாக ஒன்றும் எழுதவில்லையே.

மார்ச் 11, சனி

9:42க்கு 9:42. மெரெட்டுக்குக் காய்ச்சல். யோகன் மட்டும் நிலையத்துக்கு வந்திருந்தான். வீட்டு வாசல் வரை விட்டான். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இதற்கு யாரைத் திட்டுவது?

மார்ச் 16, வியாழன்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நீதிபதி அறுபது வயது அம்மாள். கம்பளிச் சட்டை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. குரலில் கடுமை இல்லை. யோகனின் வக்கீல் தேதிகளைப் படித்தார். என் வக்கீலம்மா காரணங்களைப் படித்தார் – மரம், வெள்ளம், பஸ். பிப்ரவரி 25க்கு ‘இணைப்பு தவறியது’ என்று மட்டும் படித்தார். அதோடு விட்டிருக்கலாம். நான் கையைத் தூக்கி, “அது என் தவறு” என்றேன். வக்கீலம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

குழந்தையைத் தனியாக முந்தாநாளே பார்த்துப் பேசிவிட்டாராம் நீதிபதி. “அவ சொன்னதை எழுதி வச்சிருக்கேன். அப்படியே படிக்கிறேன்” என்றார்.

‘அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. அம்மாவை எனக்குப் பிடிக்கும். ஆனா வருவாங்களான்னு தெரியாது. நான் வெள்ளிக்கிழமையே தூங்க மாட்டேன். மாசத்துக்கு ஒரு வாட்டின்னா ஒரு வெள்ளிக்கிழமைதான் தூங்காம இருக்கணும். நம்ப முடியாத ரெண்டு வண்டியைவிட நம்பக்கூடிய ஒரு வண்டி மேல்.’

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியில சொன்னது பெரியவங்க பேச்சு மாதிரி இருந்துது. அப்பா சொல்லிக்குடுத்தாரான்னு கேட்டேன். இல்ல, அம்மா சொல்லிக்குடுத்ததுன்னு சொன்னா. ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து விரிச்சு, எனக்குப் படம் போட்டு விளக்கினா. ரொம்பத் தெளிவா விளக்கினா.”

யோகன் திரும்பி என்னைப் பார்த்தான். இந்த இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் சண்டை இல்லை. அவனுக்கும் அது தெரியாது போல.

மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஏப்ரலிலிருந்து.

ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். என்ன சொல்ல? கணக்கு சரியாக இருந்தது. என் பொண்ணு என் கணக்கை எனக்கே போட்டுக் காட்டிட்டா. நான் என்னத்தைச் சொல்ல.

மார்ச் 17, வெள்ளி

பன்னிரண்டு தடவை ‘கிளம்பட்டும்’.

மார்ச் 28, செவ்வாய்

ஹென்னிங் மதியச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தான்.

“ஆறை நாலாக்கிடலாமா? நீ எழுதிக் கொடு, நான் மேல பேசறேன்.”

“வேண்டாம்.”

“ஏன் வீப்கே? உனக்கே இப்படி ஆனப்புறமும்?”

“எனக்கு ஆச்சுங்கறதுக்காக மாத்தினா அது என்ன விதி? நாலாக்கினா நாள் பூரா குலைஞ்சு போகும். ஆறுதான் சரி.”

அவன் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டான். “நீ திருந்தவே மாட்ட.”

திருந்துவதற்கு என்ன இருக்கிறது? ஆறு சரியான எண்தான். ராத்திரி பூரா புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் வருகிறது. அதுதான் கொடுமை. தப்பாக இருந்தால் கிழித்துப் போட்டுவிட்டு அழலாம்.

பிறகு அவனிடம் கேட்டேன், வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு மேல் என் நாற்காலியைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. கேட்பதற்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது.

“போ” என்றான்.

மார்ச் 31, வெள்ளி

வால்ரோடா. லாட்ஜ் மாடியில் மூன்றாம் எண் அறை. ஜன்னலில் நிலையம் தெரிகிறது. இவ்வளவு பக்கம். சாயங்கால வண்டி இருபத்தெட்டு நிமிடம் தாமதம். எனக்கு என்ன வந்தது? பக்கத்து இருக்கைக்காரர் சபித்துக்கொண்டே வந்தார், நான் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு வந்தேன். இது இவ்வளவு சுலபமா?

யோகனுக்கு எழுதவில்லை. மெரெட்டை ஆச்சரியப்படுத்தலாம் என்று.

ஏப்ரல் 1, சனி

ஒன்பதரைக்கே நடைமேடைக்குப் போய்விட்டேன். கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் அடித்தது.

9:38க்கு மெரெட் வந்தாள். யோகன் சாலையோரம் காரிலேயே இருந்தான். அவள் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சில் அவளுக்கு என்ன வேலை? நேரே போய் இரண்டாவது கதவு வந்து நிற்கும் இடத்தில் நின்றாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வண்டி வளைவில் தெரிந்தது. 9:42க்கு 9:42. இன்றைக்குப் பார்த்து.

கதவுகள் திறந்தன. அவள் இரண்டாவது கதவை முதலில் பார்த்தாள். பிறகு முன் பெட்டிக்கு ஓடினாள், பிறகு பின் பெட்டிக்கு. ஒவ்வொரு கதவிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பனியில் நான் பார்த்த அந்தத் தடம் இதுதான். நடைமேடை நெடுக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை.

இறங்கியவர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் நடுவில் நின்று, வலது கை விரலைத் தொடையில் தட்டித் தட்டி, உதடு அசைய, போகிற ஒவ்வொருவரையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு பெண், கூடவே கயிற்றில் ஒரு குட்டை நாய். அதற்கும் ஒரு தட்டு.

வண்டிக் கதவு மூடியது. அவள் அழவில்லை. யாரும் சொல்லாமலே காரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். பழகிப்போன நடை. பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும் என்றுகூட அவள் நினைக்கவில்லை.

“மெரெட்.”

திரும்பினாள். என்னைப் பார்த்தாள், மூடிய வண்டியைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

“நீ இதுல வரலையே. நான் எண்ணினேனே.”

“நேத்தே வந்துட்டேன்.”

“நேத்தேவா?”

“ஆமா.”

அவள் முகத்தில் சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்தது.

“முன்னாடியும் அப்படி வந்திருக்கலாமாம்மா?”

“வந்திருக்கலாம்” என்றேன்.

தலையை ஆட்டினாள். காரில் இருந்த யோகனுக்குக் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டு, நீச்சல் பையை என்னிடம் கொடுத்தாள். அடுத்தது மே ஆறாம் தேதி.